நிறைந்த அமாவாசையில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். இப்போது கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தினமும் டிரைவர்களோடு மல்லுக்கட்டி, வியாதி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சென்னையில் எம்பிஏ முடித்து, ஒரகடத்தில் ஒரு பெரிய கிடங்கில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு செஞ்சிக்குத் திரும்பி வந்த காலத்தில் அது முற்றிய நிலையில் இருந்தது. காய்கறிக்காரரைக்கூட விடமாட்டேன். "இந்தத் தக்காளி உங்க கடைக்கு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?" என்பேன். "பஸ்ஸுலம்மா" என்பார் அவர். அதோடு வாயை மூடிக்கொண்டு கால் கிலோ வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே? மாட்டேன்.

நான் படித்தது லாஜிஸ்டிக்ஸ். ஒரு பொருளை அது இருக்கும் இடத்திலிருந்து அது வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில், கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தை. (இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது.) வீட்டில் யாருக்கும் அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. அம்மா சொந்தக்காரர்களிடம் "பொண்ணு லாட்ஜு தொறக்கறா" என்று சொல்லிவைத்ததில், மேல்மலையனூருக்கு வரும்போது தங்கிக்கொள்ளலாமா என்று சேலத்திலிருந்து ஒரு சித்தி ஃபோன் செய்தாள்.

திறந்தது சரக்கு வண்டி கம்பெனி. பெயர் கோட்டை லாஜிஸ்டிக்ஸ். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தேன். வாசலில் நின்றால் செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை முழுதாகத் தெரியும். கடனில் ஒரு குட்டி யானை வாங்கினேன். (சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.) அதை ஓட்ட ஏழுமலை என்ற தம்பி கிடைத்தான். ஏழுமலைக்கு யாரிடமும் "இல்லை" என்று சொல்ல வராது. வேலைக்கு எடுக்கும்போது இதை நல்ல குணம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வண்டி இருந்தது, டிரைவர் இருந்தான், சரக்குதான் இல்லை. சரக்கு வைத்திருந்தவர் அப்பாண்டைராஜ் ஐயா. சுற்றுவட்டாரத்தில் பெரிய மல்லாட்டை வியாபாரி. மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்று சொல்வதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவலூர்பேட்டைப் பக்கத்தில் விளைகிற மூட்டைகளை எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்ப அவருக்கு வருடம் முழுக்க வண்டி வேண்டும். அவர் என்னிடம் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். கொடுக்காவிட்டால் குட்டி யானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் ஒரகடத்துக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். இதில் மூன்றாவது வழி எதுவும் இல்லை என்பது எனக்கும் நைனாவுக்கும் தெரியும். (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.)

திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தோம். புதுக்கடை என்றால் எங்கள் பக்கம் யோசிக்கவே மாட்டார்கள்: நிறைந்த அமாவாசை. வண்டிக்குப் பூஜை போட, கடை திறக்க, கணக்குத் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அம்மா அமாவாசை என்றாள், நைனா அமாவாசை என்றார், நானும் தலையாட்டினேன்.

மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு அமாவாசைதான் விசேஷம் என்பது செஞ்சியில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கெங்கிருந்தோ ஜனம் வரும், ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், அந்தப் பக்கம் போகிற ரோடு நகராது. எனக்கும் தெரியும். ஆனால் பாருங்கள், அது சாமி விஷயம், லாஜிஸ்டிக்ஸ் படிப்பு விஷயம் என்று என் மூளையில் இரண்டும் வேறு வேறு அறையில் இருந்தன. சரக்கு வண்டி கம்பெனியை, வண்டியே ஓட முடியாத நாளாகப் பார்த்துத் திறந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

விழாவுக்கு வர அப்பாண்டைராஜ் ஐயா ஒப்புக்கொண்டார். "சாயங்காலம் வந்துடறேன்மா. ஆனா பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடணும், தெரியுமில்ல?" என்றார். தெரியும். அவர்கள் இந்த மண்ணிலேயே தொன்றுதொட்டு இருக்கும் தமிழ் ஜைனக் குடும்பம். சூரியன் இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது, அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகாது. அப்படிச் சமைக்கத் தெரிந்த நல்ல கை, மேல்மலையனூர் தாண்டி அவலூர்பேட்டையில் ஒரு மாஸ்டரிடம் இருந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே விருந்து என்று ஏற்பாடு செய்தேன்.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. விருந்து என் சொந்த வண்டியிலேயே, கம்பெனியின் முதல் சரக்காக வரவேண்டும். நான் லாஜிஸ்டிக்ஸின் வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். பின்னால் வீட்டு டிவியில் என் ஃபோனில் இருக்கும் மேப் ஓடும். அதில் ஏழுமலையின் ஃபோன் இருக்கும் இடம் நீலப் புள்ளியாக நகர்ந்து நகர்ந்து வரும். நான் "நன்றி, வணக்கம்" சொல்லும்போது வண்டி வாசலில் வந்து நிற்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டல் வரைக்கும் திட்டம் போட்டிருந்தேன்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் ஒரு குண்டான் புளிசோறு கிண்டி வெச்சிடட்டுமா?" என்றாள்.

"அம்மா, அதுக்குப் பேருதான் தேவையில்லாத கையிருப்பு. பெரிய பெரிய கார் கம்பெனியெல்லாம் இப்ப ஸ்டாக்கே வெக்கறதில்ல. வேணுங்கற நேரத்துக்கு வேணுங்கறது வந்து எறங்கும்."

"காரு வேறடி. சோறு வேற" என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. வீட்டு அடுப்பைப் பற்றவைக்கக்கூடாது என்று உத்தரவே போட்டேன்.

அமாவாசை அன்று காலையில் வண்டிக்குப் பூஜை போட்டோம். மஞ்சள் குங்குமம், எலுமிச்சம்பழம், முன்னால் ஒரு ஆள் உயரத்துக்குச் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. மதியத்துக்கு மேல் ஏழுமலை அந்த அலங்காரத்தோடு அவலூர்பேட்டைக்குக் கிளம்பினான்.

சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. மார்க்கெட் கமிட்டியில் நெல் வியாபாரம் செய்கிறவர்கள், நைனாவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வாத்தியார்கள், தெருக்காரர்கள். நைனா ரிட்டயரான பி.டி. வாத்தியார். எல்லோரையும் உயர வரிசையில் உட்காரவைக்காத குறைதான். அப்பாண்டைராஜ் ஐயா முதல் வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார். "காலைல சாப்ட்டது. வழில எங்கயும் கை நனைக்கல. இன்னிக்கி உங்க வூட்டு விருந்துதான்" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிவியைப் போட்டேன். அவலூர்பேட்டையிலிருந்து புள்ளி கிளம்பியது. மைக்கைப் பிடித்தேன்.

"லாஜிஸ்டிக்ஸ் பிறந்தது போர்க்களத்தில்!" என்று ஆரம்பித்தேன். ஒரு படை நடக்க வேண்டுமென்றால் அதன் முன்னால் வீரம் நடக்கிறது, பின்னால் அரிசியும் கொள்ளும் நடக்கின்றன என்றேன். கை நீட்டி மலையைக் காட்டினேன். "இந்தக் கோட்டை வருஷக்கணக்கா முற்றுகையைத் தாங்கினது எப்படி? மதிலாலயா? மேல தண்ணி இருந்துச்சு. உள்ள களஞ்சியம் இருந்துச்சு. சாப்பாடு இருக்கற கோட்டை சீக்கிரம் விழாது!" ஐயா தலையை ஆட்டி ரசித்தார். நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். புள்ளி மலையனூரை நெருங்கியிருந்தது.

அடுத்தது கப்பல். ஒரு காலத்தில் ஒவ்வொரு மூட்டையையும் ஆள் தூக்கித்தான் கப்பலில் ஏற்றினார்கள், இறக்கினார்கள். கப்பல் கடலில் ஓடியதைவிடக் கரையில் காத்துக் கிடந்ததுதான் அதிகம். அப்புறம் ஒருவருக்கு, எல்லாவற்றையும் ஒரே அளவு இரும்புப் பெட்டியில் போட்டுப் பெட்டியையே தூக்கினால் என்ன என்று தோன்றியது. அந்தப் பெட்டிதான் கன்டெய்னர். உலக வியாபாரமே தலைகீழாக மாறியது. இதை நான் உணர்ச்சியோடு சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எனக்குப் பின்னால் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புள்ளி மலையனூரில் நின்றிருந்தது.

சரி, டிராஃபிக் என்று நினைத்து ரயிலுக்குப் போனேன். ரயில் என் பேச்சிலேயே கிடையாது. நேரத்தைக் கடத்துவதற்காகச் சேர்த்தேன். ரயில் வந்து சரக்கு எப்படி மாறியது, தந்தி வந்து தகவல் எப்படி மாறியது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. பின்வரிசையிலிருந்து நைனா, மைதானத்தில் கூப்பிடுகிற குரலில் கேட்டார்: "இன்னாம்மா, மலையனூர் தாண்டிடுச்சா?"

"தாண்டப்போகுது நைனா" என்றேன், மைக்கிலேயே.

அப்போது புள்ளி நகர்ந்தது. பந்தலில் ஒரு சந்தோஷச் சத்தம் எழுந்தது. ஆனால் புள்ளி செஞ்சி பக்கம் வரவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, பாதையே இல்லாத இடத்தில் நடுக்கொல்லைக்குள் போய் நின்றது. கம்பெனியின் முதல் சரக்கு வயல் நடுவே நிற்பதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. "உழவு ஓட்டப் போயிட்டான் போல" என்றார் ஒரு வாத்தியார்.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. ஐயா மேற்கே ஒரு முறை பார்த்தார். "மலை மறைக்குது, அவ்ளோதான். இன்னும் அஸ்தமனம் ஆவலம்மா. நீ பேசு" என்றார். அந்த மனுஷன் அவ்வளவு நல்லவராக இருந்ததுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

நான் இன்றைய வியாபாரத்துக்கு வந்தேன். "பொருள் நல்லா இருந்தா மட்டும் போதாது, நேரத்துக்கு வரணும். நேரத்துக்கு வராத பொருள், இல்லாத பொருளுக்குச் சமம்!" என்றேன். முதல் முறையாகக் கைதட்டினார்கள். எந்த அர்த்தத்தில் தட்டினார்கள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

ஃபோன் அடித்தது. டிவியில் பெரிய எழுத்தில் 'ஏழுமலை டிரைவர்' என்று வந்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்தித் தொலைத்தேன். கையில் மைக் வேறு இருந்தது.

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க" என்றான் ஏழுமலை, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. (இப்படித் தொடங்கிய எந்த ஃபோனும் எனக்கு நல்ல செய்தி சொன்னதில்லை.)

"வண்டிக்கு இன்னா ஆச்சு?"

"வண்டி சூப்பரா இருக்குதுக்கா. சாம்பாருதான் முடிஞ்சிடுச்சி."

"முடிஞ்சிடுச்சின்னா? கொட்டிடுச்சா?"

"கொட்டலக்கா. போட்டாச்சி."

விஷயம் இதுதான். மலையனூர் கூட்டத்துக்கு நடுவே மாலையும் வேப்பிலையுமாக, பின்னால் அண்டா அண்டாவாகச் சாப்பாட்டோடு ஒரு புது வண்டி வந்து நின்றிருக்கிறது. அமாவாசை அன்று அந்த ரோட்டில் அப்படி ஒரு வண்டி வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். விசிலோடு நின்ற தொண்டர் ஒருவர், "அன்னதான வண்டியா? அந்தக் கொல்லைக்கு வுடு" என்று கையைக் காட்டிவிட்டார். ஏழுமலை கொல்லையில் இறக்கி நிறுத்துவதற்குள் பின்னால் தட்டோடு வரிசை நின்றுவிட்டது.

"ஆர்டர் சாப்பாடுன்னு சொல்லவேண்டிதானே ஏழுமலை?"

"எப்பிடிக்கா சொல்றது? ஆத்தா பேர சொல்லி கைய நீட்டறாங்க. கைக்கொழந்த வெச்சிருக்கறாங்க. இல்லன்னு சொல்ல வாய் வருமா?" "ஆனா ஒண்ணுக்கா. எல்லாரும் சாப்பாடு அருமைன்றாங்க. வெங்காயம் பூண்டு கூட போடாம எவ்ளோ சுத்தமா செஞ்சிருக்காங்க பாருன்னு உங்களத்தான் வாழ்த்தறாங்க. பாயசம் அடில கொஞ்சம் இருக்குது. எடுத்துட்டு வரட்டுமா?"

பந்தலில் முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு யாரும் அடக்கிக்கொள்ளவில்லை. நான் மைக்கை வைத்துவிட்டு உள்ளே போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வெட்கத்தில் காது எரிந்தது. இவ்வளவு படித்து, இவ்வளவு பேசி, பசியோடு வந்த ஒரு பெரிய மனிதருக்கு ஒரு வாய் சோறு போட முடியவில்லை.

போட்டது அம்மாதான், அதுவும் சோறு இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதில் வாழைப்பழமும் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருந்தன. விருந்துக்கு வந்த அப்பாண்டைராஜ் ஐயா அதைச் சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கைகூப்பிவிட்டுக் கிளம்பினார். மற்றவர்களுக்கு நைனா டீக்கடையிலிருந்து போண்டா வாங்கி வந்தார்.

இருட்டியபின் ஏழுமலை காலி அண்டாக்களோடு வந்தான். நெற்றி நிறைய குங்குமம். அவனைத் திட்ட வாய் திறந்தேன். அவன் எனக்கும் குங்குமம் நீட்டினான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஐயாவின் மண்டிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரகடத்துக்கு ஃபோன் போட்டு வேலையைத் திரும்பக் கேட்பதாக முடிவு. அவர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேத்து நடந்ததுக்கு..."

"உக்காரும்மா. சாப்டியா?"

"உங்கள பசியோட அனுப்பிட்டேன். சொன்ன நேரத்துக்கு என்னால ஒரு சாப்பாடு கொண்டாந்து சேக்க முடியல. உங்க சரக்க நீங்க என்கிட்ட குடுக்க வேணாம். நானே வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"ஏன்? மல்லாட்டைக்கு இன்னா விரதமா இருக்குது? பொழுது சாஞ்சி வந்தா ஆலக்காரன் எறக்கமாட்டானா?" என்றார். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இத்தினி வருஷமா லாரி அனுப்பறேன். வண்டி எங்கப்பான்னு கேட்டா செஞ்சி தாண்டிட்டேம்பான். அவலூர்பேட்டைல உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பான். நேத்து உன் வண்டி வரல. ஆனா எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது பாரு. கொல்லைல எறங்கனது மொதக்கொண்டு தெரிஞ்சுது. எனக்கு அந்தப் புள்ளி வேணும். அத எம் ஃபோன்ல போட்டுக் குடு."

நான் அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவே, அவர் எதிரில் அழுதுவிட்டேன். முந்தின நாள் என்னை ஊர் முன்னால் அவமானப்படுத்தியது அந்தப் புள்ளி என்று நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். அவர் வாங்க நினைத்ததே அதைத்தான். "அமாவாசைல மட்டும் ஏத்தாத" என்றார். அது ஒன்றுதான் எங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனை. இன்றுவரை அமாவாசைக்கு எங்கள் கம்பெனி லீவு. அன்று ஏழுமலை மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு மலையனூர் போவான். அம்மா ஒரு அண்டா புளிசோறு கிண்டித் தருவாள். அந்தக் கொல்லையில் நிறுத்திப் போட்டுவிட்டு வருவான்.

வீட்டில் அதன்பிறகு எது தாமதமானாலும் கேட்கிற கேள்வி ஒன்றாகிவிட்டது. குக்கர் விசில் வரவில்லையா, கரண்ட் வரவில்லையா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு கிளம்பவில்லையா, யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மலையனூர் தாண்டிடுச்சா?" என் கணவருக்குக் கல்யாணமான புதிதில் இது புரியாமல், மலையனூரில் எங்களுக்கு யாரோ முக்கியமான சொந்தக்காரர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பிரசவ வலி எடுத்தது டாக்டர் குறித்த நாளுக்குச் சில நாள் கழித்து. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் குழந்தை வருவதாகக் காணோம். அம்மா வேண்டாத சாமி இல்லை. நர்ஸ் எதற்கோ வெளியே போனபோது கதவு கொஞ்சம் திறந்தபடி நின்றது. வராந்தாவில் நைனாவின் மைதானக் குரல் கேட்டது.

"இன்னாம்மா, மலையனூர் தாண்டிடுச்சா?"

"யாருங்க சார்? ஒறவுக்காரங்க பஸ்ஸுல வர்றாங்களா?" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா, எம் பொண்ணோட டெலிவரியத்தான் கேக்கறேன். அவ டெலிவரி எதுவும் சொன்ன நேரத்துக்கு வராது. ஆனா எங்க நிக்குதுன்னு மட்டும் கரெக்டா சொல்லிடுவா."

வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கற நேரமாம்மா இது? முக்கு!" என்று டாக்டர் அதட்டினார்.